மலர் காட்டிய வழி: மராத்தியக் கவிஞர் நாராயண வாமன் திலகரின் சமயப் பயணம்

நிலத்தையும் தெய்வத்தையும் பிரித்து நோக்காத மரபு தமிழ் மரபு. முல்லைக்கு மாயோனையும் குறிஞ்சிக்குச் சேயோனையும் உரிமையாக்கிய தொல்காப்பியர் காலந்தொட்டு, காட்டையும் மலையையும் பாடிய புலவர் அவற்றின்கண் உறையும் இறைமையையும் உடன் பாடியே வந்துள்ளனர். இயற்கையின் எழிலில் தோய்ந்த உள்ளம் அதற்கு அப்பாலுள்ள ஒன்றைத் தேடிச் செல்லுதல் இயல்பே. ஆனால், அத்தேடல் ஒருவனைப் பிறந்த சமயத்தின் எல்லைக்கு வெளியே கொண்டு செல்லுமாயின் நிகழ்வது யாது? தேடிச் சென்றவன் தன் மொழியையும் மரபையும் சுற்றத்தையும் இழந்தே தீரவேண்டுமா? 19 ஆம் நூற்றாண்டில் மிசன் பாடசாலைகளின் நிழலில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கற்றோரைப் பெரிதும் அலைக்கழித்த வினா இது. அதே நூற்றாண்டில் மகாராட்டிரத்திலும் இவ்வினா எழுந்தது. அங்கே அதற்குத் தம் வாழ்வையே விடையாக அளித்தவர் நாராயண வாமன் திலகர் (1861 - 1919).

இவரை இந்திய விடுதலை இயக்கத்தின் தலைவரான லோகமானிய பால கங்காதர திலகரோடு மயங்குதல் கூடாது. இருவரும் சித்பவன் பிராமணர். இருவரும் இரத்தினகிரிப் பகுதியிற் பிறந்தோர். ஒருவர் அரசியலில் அழியாப் புகழ் பெற்றார். மற்றவரோ மராத்தி இலக்கிய வரலாற்றில் பூக்களையும் குழந்தைகளையும் பாடிய கவிஞராகவும், மராத்தியக் கிறித்தவரின் வழிபாட்டில் ஓயாது ஒலிக்கும் குரலாகவும் நிலைபெற்றார்.

கொங்கணமும் நாசிக்கும்

திலகர் 1861 ஆம் ஆண்டு டிசம்பர் 6 ஆம் நாள் இரத்தினகிரி மாவட்டத்துக் கரஜ்காவ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். கிழக்கே சகியாத்திரி மலைத்தொடர், மேற்கே அரபிக்கடல், இரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலமே கொங்கணம். தென்மேற்குப் பருவமழை முழு வலிமையோடு மோதும் அந்நிலத்தில் ஆனி, ஆடி மாதங்களில் பாறையும் பசுமை பூணும். மலையும் மழையும் அருவியும் திலகருக்கு ஏட்டிற் கற்ற உவமைகள் அல்ல. இளமையிற் கண்டு வளர்ந்த காட்சிகள்.

தந்தையார் கண்டிப்பு மிக்கவர். மகனின் உள்ளப்போக்கினை உணராதவர். தாயாரோ மென்மையும் பத்தியும் கவிதையில் ஈடுபாடும் உடையவர். அத்தாயைச் சிறுவயதிலேயே இழந்த திலகர், இல்லத்தில் மனம் பொருந்தாது வெளியேறிக் கோதாவரிக் கரையிலுள்ள நாசிக்கை அடைந்தார். அங்கே கணேச சாத்திரி லேலே என்னும் பேரறிஞரிடம் வடமொழி இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலப் பாடசாலையிலும் சிறிது காலம் பயின்றார். காளிதாசன், பவபூதி முதலியோரின் காவியங்கள் ஒருபுறமும், ஞானேசுவரர், துக்காராம் முதலிய பண்டரிபுரத்து அடியார்களின் மராத்திப் பாடல்கள் மறுபுறமுமாக அவர்தம் உள்ளத்தை வளம்படுத்தின. பின்னாளில் அவர் எழுதிய அனைத்திற்கும் இவ்விரண்டுமே ஊற்றுக்கண்களாயின.

1880 ஆம் ஆண்டளவில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகளுக்கு வயது பதினொன்று. மனுகர்ணிகா என்ற இயற்பெயர் நீங்கி, மணத்தின்பின் இலட்சுமி என அவர் அழைக்கப்பெற்றார். எழுத்தறிவற்ற சிறுமியாய்ப் புகுந்த இவ்வம்மையாரே பின்னர் மராத்தி உரைநடையின் தலைசிறந்த நூல்களுள் ஒன்றை எழுதியவர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

பூவும் பறவையும்

திலகர் ஓரிடத்தில் நிலைத்து வாழும் இயல்பினர் அல்லர். ஆசிரியராகவும் அச்சகப் பணியாளராகவும் புராணம் சொல்பவராகவும் தொழில் பல மேற்கொண்டு ஊர்தோறும் திரிந்தார். கையிற் பொருள் சேர்வது அரிது. சேரினும் இரந்தவர்க்கு ஈந்துவிடுவார். முன்னறிவிப்பின்றி வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுவது அவருக்கு வழக்கம். இவ்வலைச்சல்களை நகைச்சுவையோடும் உள்ளூர ஓடும் துயரத்தோடும் இலட்சுமிபாய் தம் நினைவு நூலில் விவரித்துள்ளார். கணவருக்கு அஃது ஆன்மாவின் தேடல். மனைவிக்கோ அடுத்த வேளை உணவுக்கு வழி தெரியாத நிலை. திலகரைப் போற்றும் வரலாறுகள் பின்னதையும் சேர்த்தே கூறுதல் நேர்மையாகும்.

அக்காலத்தில் மராத்திக் கவிதை புதுவழியிற் புகத் தொடங்கியிருந்தது. புராணக் கதைகளையும் வடமொழி அணிகளையும் மட்டுமே நம்பியிராது, தனிமனித உணர்வையும் கண்முன் காணும் இயற்கையையும் பாடும் புதுமரபைக் கேசவசுதர் (1866 - 1905) முதலியோர் தோற்றுவித்தனர். அம்மரபின் முன்னோடிகளுள் திலகரும் ஒருவர். 'வனவாசிப் பூ' என்னும் நெடுங்கவிதை அவர் பெயரோடு பிரிக்கவொண்ணாதவாறு இணைந்துள்ளது. காண்பாரின்றிக் காட்டிலே மலரும் பூவைப் பொருளாகக் கொண்டது அது. மாலையில் தொடுக்கப்பெறாது, கோயிலிற் சூட்டப்பெறாது, எவரது புகழையும் வேண்டாது மலரும் பூவின் வாழ்விற்குப் பயன் உண்டா என்னும் வினாவை அப்பொருளே தூண்டிவிடுகின்றது.

மகாராட்டிரத்து மாணவர் பாடநூல்களிற் பயின்ற அவரது மற்றொரு கவிதை, வேடனால் அடிபட்ட தாய்ப்பறவையின் இறுதி நேரத்தைப் பாடுவது. குஞ்சுகளுக்கென எடுத்த இரையோடு கூட்டை நோக்கித் தள்ளாடிப் பறந்துவந்து, குஞ்சுகளின் முன்னே உயிர்விடுகின்றது அப்பறவை. வேடன் வீழ்த்திய கிரௌஞ்சப் பறவையைக் கண்ட வான்மீகியின் சோகமே சுலோகமாயிற்று என்பர். அம்மரபிலேயே திலகரின் பறவையும் வருகின்றது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. வான்மீகியின் உள்ளம் துணையை இழந்த பறவைக்காக இரங்கியது; திலகரின் உள்ளம் தன்னுயிர் போகும் வேளையிலும் பிறவுயிர்க்கு ஊட்டவந்த அன்பின்மீது நிலைகொண்டது. தன்னை அழித்துக்கொண்டு பிறரை வாழ்விக்கும் அன்பே படைப்பின் நடுவே நின்று இயங்குவது என்னும் எண்ணம் அவர்தம் பாடல்கள் பலவற்றிலும் ஊடுருவி நிற்கின்றது. அவ்வன்புக்கு உரிய பெயரையும் உருவத்தையும் தேடியே அவர் அலைந்தார் எனலாம்.

புகையிரதத்தில் கிடைத்த நூல்

1891 ஆம் ஆண்டளவில் திலகர் நாகபுரியை அடைந்து, செல்வர் ஒருவரின் ஆதரவில் வடமொழி நூல்களை ஆராயும் பணியில் ஈடுபட்டார். சமய ஆராய்ச்சிக்கென 'ரிஷி' என்னும் இதழையும் நடத்தினார். சாதிப் பாகுபாடும் உயிரற்ற சடங்கும் சமயத்தின் உண்மையை மறைத்துவிட்டன என்னும் கருத்து அக்காலத்திலேயே அவரிடம் வேரூன்றியிருந்தது. புதிய சமயம் ஒன்றைத் தாமே தோற்றுவிக்கவும் அவர் எண்ணியதுண்டு.

1893 ஆம் ஆண்டில் அவர் நாகபுரியிலிருந்து இராஜநந்தகாவ் என்னும் சிற்றரசின் தலைநகருக்குப் புகையிரதத்தில் பயணஞ் செய்தார். அதே பெட்டியில் ஐரோப்பியர் ஒருவரும் இருந்தார். ஆளும் இனத்தார்க்கு அக்காலத்திற் பொதுவாக இருந்த செருக்கு அவரிடம் காணப்படவில்லை. இலக்கியத்தில் தொடங்கிய உரையாடல் சமயத்திற்குச் சென்றது. பிரியும் வேளையில் அவர் புதிய ஏற்பாட்டு நூலொன்றைத் திலகரிடம் அளித்து, அதனைத் தொடர்ந்து படிக்குமாறு கேட்டுக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்குள் திலகர் கிறித்தவராவார் என்றும் கூறிச் சென்றார். திலகருக்கு அக்கூற்று நகைப்பையே விளைத்தது. ஆயினும், வாக்களித்தவாறு நூலைப் படிக்கத் தொடங்கினார்.

மத்தேயு எழுதிய நற்செய்தியிலுள்ள மலைப்பிரசங்கத்தை அடைந்தபோது அவரால் நூலைக் கீழே வைக்க இயலவில்லை. காட்டுப் புட்பங்களையும் ஆகாயத்துப் பறவைகளையும் காட்டி இறைவனின் தந்தைமையை விளக்கும் பகுதி அது. பூவையும் பறவையையும் பாடிப் பழகிய கவிஞருக்கு அது முற்றிலும் அந்நியமான குரலாய் ஒலித்திருக்க இயலாது. தாம் பொருள் தேடி அலைந்த அதே காட்சிகளுக்கு மற்றொருவர் பொருள் உரைப்பதை அவர் அதிற் கேட்டிருத்தல் வேண்டும்.

ஈண்டு மற்றொன்றும் நோக்கற்பாலது. துக்காராமின் பாடல்களாகிய பாலத்தின்மீது நடந்தே தாம் கிறித்துவை அடைந்ததாகத் திலகர் கூறிவந்தார். 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவ்வடியார், பிறப்பாலும் சடங்காலும் இறைவனை அடைய முயல்வதைக் கடிந்து, அன்பொன்றினாலே அடையலாம் எனப் பாடியவர். புகையிரதத்திற் கிடைத்த நூல் வெற்று நிலத்தில் விழவில்லை. மராத்திப் பத்தி மரபு உழுது பண்படுத்திய நிலத்திலேயே விழுந்தது.

மனமாற்றத்தின் விலை

பம்பாயிலிருந்த அமெரிக்க மராத்தி மிசனைச் சேர்ந்த ஜஸ்ரின் அபட் என்பாரோடு திலகர் கடிதத் தொடர்பு கொண்டார். மராத்தியப் பத்திக் கவிகளைப் பின்னாளில் ஆங்கிலத்திற் பெயர்த்தவர் இவரே. 1895 ஆம் ஆண்டு பெப்ரவரி 10 ஆம் நாள் திலகர் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். அதனை வெள்ளையர் ஒருவர் கையாற் பெறாது, துக்காராம் நாதோஜி என்னும் இந்தியப் போதகரின் கையாலேயே பெற்றார். அவர்தம் பிற்கால வாழ்வின் போக்கை இச்செயல் முன்னறிவித்தது.

செய்தி எட்டியதும் இலட்சுமிபாயின் சுற்றத்தார் இடியுண்டவர் போலாயினர். கணவன் உயிரோடிருக்கவும் கைம்பெண்ணைப் போன்ற நிலை அவருக்கு நேர்ந்தது. குழந்தை தத்தாத்திரேயனுடன் பண்டரிபுரத்திற் சில காலம் வாழ்ந்தார். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கணவனும் மனைவியும் பிரிந்திருந்தனர். பூவின் துயருக்கும் பறவையின் துயருக்கும் உருகிய கவிஞர், தம் தேடலால் மனைவிக்கு நேர்ந்த துயரினை முன்னரே எண்ணிப்பார்த்தாரா? அவரைப் பெரிதும் மதிப்போரும் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

பின்னர் இலட்சுமிபாய் அகமத்நகருக்குச் சென்றார். ஆயினும் தனியே சமைத்து உண்டு, சாதி ஆசாரம் வழுவாது சிறிது காலம் வாழ்ந்தார். திலகர் அவரை வற்புறுத்தவில்லை. சாதி இறைவன் வகுத்ததா, மனிதன் வகுத்ததா என்பதைத் தாமே நெடிது சிந்தித்து, அது மனிதன் செய்த வேலியே என்னும் முடிவுக்கு அம்மையார் வந்தார். அதன்பின் எவர் கையிலும் நீரருந்தத் தயங்கவில்லை. 1900 ஆம் ஆண்டில் அவரும் ஞானஸ்நானம் பெற்றார். கணவரைப் பின்தொடர்ந்த மனைவி என்று மட்டும் அவரைக் கூறுதல் பொருந்தாது. அவர் வந்து சேர்ந்தது தம் சொந்த வழியில்; தம் சொந்த நேரத்தில்.

அகமத்நகர்ப் பணி

அகமத்நகர் 1831 ஆம் ஆண்டுமுதல் அமெரிக்க மிசனின் நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. அங்கே திலகர் இறையியற் பாடசாலையிற் கற்பித்தார். மிசனைச் சேர்ந்தோரிற் பெரும்பாலார் மகார் முதலிய ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தோர். வடமொழி வல்ல பிராமணர் அவர்தம் குடிசைகளிற் புகுந்து, உடனிருந்து உண்டு, அவர் பிள்ளைகளுக்குப் பாடங் கற்பித்தார். கொள்ளைநோயும் 1899 - 1900 ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சமும் மேற்கிந்தியாவை வாட்டிய காலம் அது. ஆதரவற்ற பிள்ளைகள் பலர்க்குத் திலகரின் இல்லம் அடைக்கலமாயிற்று. பூவிற் கண்ட அன்பு, பசித்த பிள்ளைக்கு உணவிடுவதிற் சோதிக்கப்பட்டது. சோதனையில் தேறவும் செய்தது.

வழிபாட்டுத் துறையில் அவர் ஆற்றிய பணி இதனினும் பெரிது. மிசன் கோயில்களில் ஆங்கில மெட்டுக்களில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாடல்கள் வழங்கிவந்தன. நாட்டார் நாவிற்கும் செவிக்கும் அவை இயைபற்றவை. திலகர் வார்க்கரி அடியார் கையாண்ட அபங்கம் என்னும் யாப்பிலேயே கிறித்துவைப் பாடினார். நம்மவரின் கதாகாலட்சேபத்தை ஒத்த மராத்திக் கீர்த்தனத்தையும் நற்செய்தி கூறும் வாயிலாக்கினார். அவர் இயற்றிய பாடல்கள் நூற்றுக்கணக்கின. தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்த தமிழ்க் கிறித்தவர்க்கு இப்பணியின் அருமை எளிதிற் புலனாகும். 1842 இல் தோன்றிய 'ஞானோதயம்' என்னும் மிசன் இதழின் மராத்திப் பகுதிக்கு 1912 முதல் தம் இறுதிவரை ஆசிரியராக விளங்கினார்.

கிறித்தவரான பின்னும் அவரது இல்லம் இலக்கிய அன்பர் அனைவர்க்கும் திறந்தே இருந்தது. 1907 ஆம் ஆண்டு ஜள்காவில் நடைபெற்ற கவிஞர் மாநாட்டில் பாடிப் 'பாலகவி' எனப் புகழ்பெற்ற தோம்ரே என்னும் இளைஞர் திலகரின் இல்லத்தில் வாழ்ந்தவர். திலகரால் மகனைப் போலப் பேணப்பட்டவர். மராத்தியின் இயற்கைக் கவிஞர்களுள் முதலிடம் பெற்ற அவர் கிறித்தவராகவில்லை. அதனால் அன்பிற் குறைவு நேரவும் இல்லை. 1918 ஆம் ஆண்டு புகையிரத விபத்தொன்றிற் பாலகவி இளவயதில் மாண்டார்.

இறைவனின் தர்பார்

மிசனோடு திலகர் கொண்டிருந்த உறவு முற்றும் இனிதாயிருந்தது எனல் இயலாது. கிறித்தவராதல் என்பது ஐரோப்பியராதல் அன்று என்பது அவர் கொள்கை. தாய்நாட்டுப் பற்று மிக்க பாடல்கள் பலவற்றை அவர் பாடினார். திருச்சபையை வெளிநாட்டார் ஆளுவதும், இந்தியப் பணியாளர் அவர்களிடம் ஊதியம் பெற்று அடங்கியிருப்பதும் அவர் உள்ளத்தை உறுத்தின. வெளியிலிருந்த இந்துக்கள் அவரைத் துறந்தவர் என்றனர். உள்ளிருந்த கிறித்தவர் சிலர் அவரை இன்னும் முற்றாகத் துறவாதவர் என ஐயுற்றனர்.

1917 ஆம் ஆண்டு மிசன் பணியையும் அதன் ஊதியத்தையும் துறந்து, காவியுடுத்துத் துறவியானார். சாதாராவில் 'இறைவனின் தர்பார்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். ஞானஸ்நானம் பெற்றோரும் பெறாதோரும் கிறித்துவின் அடியாராக ஒன்றுகூடும் அவையாக அதனை அவர் கருதினார். ஆனால் காலம் இடந்தரவில்லை. 1919 ஆம் ஆண்டு மே 9 ஆம் நாள் பம்பாயில் அவர் காலமானார். தலைவரை இழந்த தர்பாரும் நிலைக்கவில்லை. எனினும், 1921 இல் திருப்பத்தூரிலும், பின்னர் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்திலும் எழுந்த கிறித்தவ ஆச்சிரமங்களை நோக்குங்கால், அவரது எண்ணம் தனியொருவரின் கனவாக மட்டும் இருந்திலது என்பது தெளிவாகும்.

ஒவி யாப்பில் அவர் தொடங்கிய 'கிறித்தாயனம்' என்னும் காவியம் பத்து அளவான அதிகாரங்களோடு நின்றுபோயிற்று. அதனைத் தொடர்ந்து பாடியவர் இலட்சுமிபாய். நூலின் பெரும்பகுதி அவர் பாடியதே. அவர் 1936 இல் மறைந்தபின் 1938 இல் அது வெளிவந்தது. அவர்தம் 'நினைவுச் சித்திரங்கள்' 1934 முதல் 1936 வரை நான்கு பாகங்களாக வெளிவந்து, மராத்தித் தன்வரலாற்று இலக்கியத்தின் சிகரமாகப் போற்றப்பெற்றது. கணவர் கைவிட்டுச் சென்ற பெண்ணே கணவரின் காவியத்தை நிறைவுசெய்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

யாழ்ப்பாணத்தோடு ஓர் ஒப்பீடு

திலகர் பணியாற்றிய மராத்தி மிசனும் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனும் ஒரே வேரிற் கிளைத்தவை. இரண்டும் அமெரிக்க வெளிநாட்டு மிசன் சங்கத்தின் நிலையங்கள். பம்பாய் நிலையத்தைத் தொடங்கியோருள் ஒருவரான சாமுவேல் நியூவெல், 1813 இல் இலங்கையில் தங்கியிருந்த பின்னரே பம்பாயை அடைந்தார். அச்சங்கத்தார் 1816 இல் யாழ்ப்பாணத்திற் பணியைத் தொடங்கி, 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினறியை நிறுவினர்.

யாழ்ப்பாணத்தில் இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகள் பலதிறத்தன. பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் (1822 - 1879) சைவத்தின் பெருங்காவலரானார். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து வட்டுக்கோட்டையிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சைவத்திற்கு மீண்டு பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஆணல்ட் சதாசிவம்பிள்ளை கிறித்தவராயிருந்தே 'பாவலர் சரித்திர தீபகம்' (1886) எழுதித் தமிழ்ப் புலவரின் புகழை நிலைநிறுத்தினார். தமிழகத்தில் வைணவராய்ப் பிறந்து கிறித்தவரான எச். ஏ. கிருட்டிணபிள்ளை கம்பனில் தோய்ந்த புலமையோடு 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) பாடினார். இவர்களின் சமயமுடிவுகள் வேறுவேறு. எனினும், தாய்மொழியைக் கைவிடாத வகையில் நால்வரும் ஒன்றுபட்டனர். திலகரின் இடமும் இவ்வணியிலேயே உள்ளது.

முடிவுரை

திலகரின் வாழ்வைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று படிகள் புலப்படுகின்றன. இயற்கை அவருக்கு அன்பு என்னும் உண்மையைக் காட்டியது. பயணம் அவ்வுண்மைக்குரிய பெயரை அவர் கையில் அளித்தது. பணியோ அப்பெயரைச் சொல்லும் தகுதியை அவருக்கு ஈட்டித் தந்தது. முதலிரண்டும் எளிதில் வந்தவை. மூன்றாவதற்கு அவரும், அவரினும் மிகுதியாக அவர்தம் மனைவியாரும் விலை கொடுத்தனர்.

சமயம் மாறிய ஒருவர் மரபை இழந்தாரா என்பதை அவர் விட்டுச்சென்ற பாடல்களைக் கொண்டே அளத்தல் வேண்டும். துக்காராமின் யாப்பு திலகர் கையில் சிதையவில்லை. புதியதொரு பொருளைத் தாங்கி மேலும் வாழ்ந்தது. நூறாண்டுக்கு மேல் கழிந்த பின்னும் மராத்தியக் கிறித்தவர் கோயிலில் அவர் பாடலைப் பாடுகின்றனர். சமயம் வேறாயினும் மராத்தியர் அவர்தம் பூக்களையும் பறவையையும் நினைவிற் கொண்டுள்ளனர். இருசாராரும் தம்மவர் என உரிமை கொள்ளும் கவிஞரை மரபிழந்தவர் எனக் கூறுவார் யார்?